குவான்ட் வேலைக்கு எந்த முதுகலை? கும்பகோணம் மாணவிக்குப் பதில்

கேள்வி: பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் ஊர். கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறேன். இதுவரை 82 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வங்கிகளில் 'குவான்ட்' என்று ஒரு வேலை இருக்கிறது, கணிதம் படித்தவர்கள் ஆப்ஷன்களுக்கு (ஒரு பங்கைக் குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களுக்கு) விலை கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் சேரச் சொல்கிறார் மாமா. பக்கத்திலேயே எம்.எஸ்சி. கணிதம் போதும் என்கிறார் அம்மா. திருச்சியில் ஒரு ஏஜென்சிக்காரர் அமெரிக்காவில் ஃபைனான்சியல் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்கலாம், 60 லட்சம் கடனுக்கு நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்கிறார். அப்பாவுக்கு ஏழு மா நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் உண்டு. எதை எடுப்பது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

இந்த மூன்றில் எதையும் இப்போது எடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இல்லாத நான்காவது வழிதான் உங்களுக்குப் பொருத்தமானது: புள்ளியியலில் வலுவான ஒரு முதுகலை. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எம்.ஸ்டாட். கிடைத்தால் அது. இல்லையென்றால் ஐ.ஐ.டி. ஒன்றில் எம்.எஸ்சி. புள்ளியியல், அல்லது கணிதமும் கணினியும் சேர்ந்த எம்.எஸ்சி. சென்னை சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகத்தின் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸும் இதே வரிசையில் வரும். இவற்றின் பெயரில் 'ஃபைனான்ஸ்' என்ற சொல் இல்லை. அதற்காக இவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

காரணம் இதுதான். பாண்டு, ஃபார்வர்டு, ஆப்ஷன், வட்டி விகித ஸ்வாப் என்று சந்தையில் புழங்கும் பொருள்களை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்ளலாம். நிகழ்தகவு அப்படியல்ல. நிபந்தனை எதிர்பார்ப்பு (தெரிந்த தகவலை வைத்துக் கணக்கிடும் சராசரி) என்றால் என்ன, மார்ட்டிங்கேல் (அடுத்த மதிப்பின் சராசரி இன்றைய மதிப்பாகவே இருக்கும் தொடர்) என்றால் என்ன என்பது கைக்குப் பழகவே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். ஆப்ஷனுக்கு விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் வெளிவந்தது 1973-ல். அதில் எண்ணைப் போட்டு விடை எடுப்பதை ஒரே மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தச் சூத்திரம் பங்கின் ஏற்ற இறக்க அளவு மாறாத ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. சந்தையிலோ ஒரே பங்கின் ஆப்ஷன்களுக்கு ஸ்ட்ரைக் விலை (ஒப்பந்தத்தில் குறித்த விலை) மாற மாற அந்த அளவும் மாறுகிறது. அது ஏன், எந்த மாடல் அதைப் பிடிக்கும், அந்த மாடல் எங்கே உடையும் என்பதைச் சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம். அதற்கு வேண்டியது நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், நிரல் எழுதும் கை, இந்த மூன்றும்தான்.

எம்.பி.ஏ. கெட்ட படிப்பு என்று சொல்லவில்லை. அது கொண்டுபோய்ச் சேர்ப்பது கார்ப்பரேட் கடன், ட்ரெஷரி விற்பனை, நிதி ஆலோசனை போன்ற இடங்களுக்கு. மாடல் எழுதும் மேசைக்கு அந்த வழியாக வருபவர்கள் மிகக் குறைவு. எம்.எஸ்சி. கணிதத்தின் சிக்கல் வேறு. பல கல்லூரிகளில் அந்தப் பாடத்திட்டம் இயற்கணிதம், டோப்பாலஜி, பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, இயக்கவியல் என்று போகும். நிகழ்தகவுக்கு ஒரே ஒரு தாள் இருக்கும், நிரலாக்கம் விருப்பப் பாடமாக இருக்கும். அதைப் படித்துவிட்டும் குவான்ட் ஆகலாம். ஆனால் வேண்டியதில் பாதிக்கு மேல் தனியாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

குவான்ட் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஒன்று, நீங்கள் கேள்விப்பட்ட விலை கணிக்கும் வேலை. இது பெரும்பாலும் லண்டன், நியூயார்க் மேசைகளில் இருக்கிறது, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த இடம். இன்னொன்று, நொடிக்குள் வாங்கி விற்கும் வர்த்தக நிறுவனங்களின் ஆராய்ச்சி வேலை. இங்கே அவை குருகிராம், மும்பை, பெங்களூரு பக்கம் இருக்கின்றன. சம்பளம் மிக அதிகம். சில குறிப்பிட்ட வளாகங்களுக்குத்தான் ஆள் எடுக்க வருவார்கள், புதிர்க் கணக்கிலும் நிரலாக்க வேகத்திலும் வடிகட்டுவார்கள். மூன்றாவது, மாடல் வேலிடேஷனும் சந்தை ரிஸ்க்கும். ஒரு குழு எழுதிய மாடலை வேறொரு குழு சுயேச்சையாகச் சோதித்துப் பார்க்கும் வேலை இது. 2011 ஏப்ரலில் அமெரிக்க மத்திய வங்கி வெளியிட்ட எஸ்.ஆர். 11-7 என்ற வழிகாட்டுதல், வங்கிகள் தங்கள் மாடல்களை இப்படிச் சுயேச்சையாகச் சரிபார்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன்பின் உலக வங்கிகள் இந்த வேலையின் பெரும்பகுதியை மும்பை, பெங்களூரு, சென்னை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தன. புள்ளியியல் முதுகலை படித்தவருக்கு இந்தியாவில் அகலமாகத் திறந்திருக்கும் கதவு இதுதான். உங்கள் முதல் வேலை இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள். நான்கைந்து வங்கிகளின் மாடல்கள் எங்கே பிழைக்கின்றன என்று பார்த்துப் பழகியவர்கள் பிறகு விலை கணிக்கும் குழுக்களுக்கு நகர்வது வழக்கமானதுதான்.

இனி நுழைவுத் தேர்வுகள். இதில்தான் உங்கள் அடுத்த ஓராண்டு போகப்போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு. செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. சம்பா அறுவடையும் அதே நாள்களில்தான் நடக்கும், வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் பகுதியில் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே சரியான விடை. தவறாக எழுதினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். இரண்டாம் பகுதியில் 10 கேள்விகள், ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். எல்லாச் சரியான விடையையும் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது, கழிவும் கிடையாது. மூன்றாம் பகுதியில் 20 கேள்விகள், விடையை எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும், கழிவு இல்லை. கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் ஒன்று கொடுப்பார்கள், அதை மவுஸால் அழுத்திப் பழகாதவர்களுக்கு மூன்றாம் பகுதியில் பத்து நிமிடம் வீணாகும். வீட்டுப் பயிற்சியையும் திரைக் கால்குலேட்டரிலேயே செய்யுங்கள்.

கணிதப் பட்டதாரிகள் பழக்கதோஷத்தில் கணிதத் தாளை மட்டும் எழுதிவிட்டு வருவார்கள். கணிதப் புள்ளியியல் என்று தனித் தாள் இருக்கிறது. அமர்வு வேறுபட்டால் இரண்டு தாள்கள் எழுத அனுமதி உண்டு. இரண்டையும் எழுதுங்கள், ஆனால் உழைப்பில் பெரும்பங்கைப் புள்ளியியல் தாளுக்குக் கொடுங்கள். சில துறைகள் இளங்கலையில் புள்ளியியலை இத்தனை செமஸ்டர் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. உங்கள் துணைப்பாடத் தாள்கள் அதற்கு ஈடாகுமா என்று ஒவ்வொரு துறையின் தகுதிப் பக்கத்தையும் விண்ணப்பிக்கும் முன் வாசியுங்கள். தேர்வில் நல்ல ரேங்க் வாங்கி, சேர்க்கையின்போது இந்த விதியில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். ஜாம் மதிப்பெண்ணை வைத்தே திருச்சி என்.ஐ.டி.யிலும் எம்.எஸ்சி. கணிதம் சேரலாம். அதற்குக் கலந்தாய்வு தனி, சி.சி.எம்.என். என்று பெயர். அதில் தனியாகப் பதிவுசெய்ய மறந்துவிடாதீர்கள்.

இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தேர்வு மே மாதம் வரும். காலையில் பலவிடைத் தாள், பிற்பகலில் விரிவாக எழுதும் தாள், தேறினால் நேர்முகம். விரிவான தாளில் எல்லாக் கேள்வியையும் தொட்டுவிட வேண்டும் என்று பறப்பவர்கள்தான் தோற்கிறார்கள். ஐந்து, ஆறு கேள்விகளை ஓட்டையில்லாமல் நிறுவினால் அதற்கு மதிப்பு அதிகம். அங்கே படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை, மாத உதவித்தொகையும் தருகிறார்கள். ஏழு மா நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமில்லை. நிகழ்தகவில் உலகப் பெயர் பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபின் ஆய்வு செய்தது இந்தக் கழகத்தில்தான். 2007-ல் ஏபெல் பரிசு பெற்ற அவருடைய பெருவிலகல் கோட்பாட்டின் (மிக அரிதான நிகழ்வுகளின் நிகழ்தகவை ஆராய்வது) வழி வந்த சூத்திரங்களை, முதிர்வுக்கு மிகக் குறைந்த நாள்களே உள்ள ஆப்ஷன்களின் விலையை ஆராய இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

படிப்பு வரிசைக்கு வருவோம். ஜூன், ஜூலையில் நுண்கணிதமும் அணிகளும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நிகழ்தகவு மட்டும்: கூட்டுப் பரவல்கள், மாறி மாற்றம், நிபந்தனை எதிர்பார்ப்பு, மைய எல்லைத் தேற்றம். நவம்பர், டிசம்பரில் மதிப்பீடும் கருதுகோள் சோதனையும். ஜனவரி முழுக்கப் பழைய வினாத்தாள்கள், மணி பார்த்து. நாளுக்கு இரண்டரை மணி நேரம் விடாமல் உட்கார்ந்தால் போதும். என்.பி.டெல். தளத்தில் இந்தப் பாடங்கள் எல்லாம் காணொளியாக இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் செமஸ்டர் தாள்கள் தேற்றத்தைச் சொல்லி நிறுவச் சொல்லும். நுழைவுத் தேர்வு அதே தேற்றத்தை எங்கே பயன்படுத்துவது என்று உங்களையே கண்டுபிடிக்கச் சொல்லும். எண்பதுக்கு மேல் வாங்கும் மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதற்கு மருந்து, ஒரு தேற்றம் படித்தால் அதை வைத்துப் பத்துக் கணக்குப் போடுவது.

உங்கள் நிலையைச் சோதிக்க ஒரு கணக்கு, நேர்முகங்களில் அடிக்கடி வருவது. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போகிறீர்கள். அடுத்தடுத்து தலை, தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? தலை, பூ விழ எத்தனை முறை? இரண்டுக்கும் நான்கு என்றுதான் முதலில் தோன்றும். தலை-பூவுக்கு நான்கு, தலை-தலைக்கு ஆறு. ஒரு தலை விழுந்தபின் பூவை எதிர்பார்ப்பவருக்கு மறுபடி தலை விழுந்தாலும் அந்தத் தலை கையில் இருக்கும், அங்கிருந்தே தொடரலாம். தலையை எதிர்பார்ப்பவருக்குப் பூ விழுந்தால் எல்லாம் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை இரண்டு சமன்பாடுகளாக எழுதி நீங்களே ஆறு வருவித்துவிட்டால் நிபந்தனை எதிர்பார்ப்பு உங்களுக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே படிக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் கியூட் (பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு) முதுகலைத் தேர்வு. புதுச்சேரியில் குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. உண்டு. எந்த இடமானாலும் பெயரைப் பார்த்துச் சேராமல் பாடத்திட்டத்தை இறக்கி வைத்து எண்ணுங்கள். நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸ் (காலப்போக்கில் தற்செயலாக மாறும் அளவுகள்), காலத்தொடர், எண்முறை, நிரலாக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் எத்தனை தாள்கள்? பாதிக்குக் குறைந்தால், கணக்குப்பதிவியலும் வணிகத் தகவல்தொடர்பும் இடத்தை நிரப்பியிருந்தால், அந்தப் படிப்பு உங்களுக்கல்ல. முன்னாள் மாணவர்கள் இருவரிடமாவது பேசுங்கள். சராசரிச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரே ஒருவரின் பெரிய சம்பளம் அந்த எண்ணைத் தூக்கிவிடும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த நிறுவனம், எந்தப் பணிக்கு, எத்தனை பேரை எடுத்தது என்று கேளுங்கள்.

அமெரிக்க எம்.எஸ். பற்றி. அந்தப் படிப்பில் குறை ஒன்றும் இல்லை. கார்னகி மெலன், பெர்க்லி, நியூயார்க்கின் பரூக் கல்லூரி போன்றவற்றில் படித்தவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். உங்கள் நிலையில், இந்த நேரத்தில், இந்தக் கடனோடு அதற்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். 60 லட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் முழுவதுமாகத் தொடக்கத்திலேயே வாங்கியதாகக் கொள்ளுங்கள். படிப்பும் அதற்குப் பிந்திய அவகாசமுமாக இரண்டு ஆண்டுகள் போனால் தனி வட்டியே 13 லட்சத்து 20 ஆயிரம். அசலோடு சேர்ந்து 73 லட்சத்து 20 ஆயிரமாகிவிடும். பத்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டும். அங்கே வேலை கிடைத்தால் கட்டலாம். கிடைக்காமல் இந்தியாவுக்குத் திரும்பினால் முதல் வேலையின் சம்பளத்தில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். படிப்பு முடிந்தபின் அங்கே தங்கி வேலை செய்ய 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் பிரிவுப் படிப்பென்றால் இன்னும் 24 மாதம் அனுமதி. அதற்குமேல் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் உங்கள் பெயர் விழ வேண்டும். மேலும், மூன்றாண்டு பி.எஸ்சி.யை நான்காண்டு பட்டத்துக்குச் சமமாக ஏற்காத அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. ஏஜென்சி காட்டும் பட்டியலில் பெயர்பெற்ற இடங்கள் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கே முதுகலை முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தபின் விண்ணப்பித்தால் இந்தத் தடை போய்விடும், கையில் சேமிப்பும் இருக்கும், எந்த வேலைக்காகப் போகிறோம் என்பதும் தெரியும்.

ஈடு விஷயத்தையும் அப்பாவிடம் இன்றே பேசிவிடுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக் கடனுக்குப் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். விவசாய நிலத்தை அதற்கு ஏற்கத் தயங்குவார்கள், ஏனென்றால் கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே ஈட்டைக் கைப்பற்ற வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, 31-ஆம் பிரிவு அதை விலக்கிவைத்திருக்கிறது. அப்புறம் ஏஜென்சிக்காரர் இரண்டில் ஒன்றைச் சொல்வார்: ஈடில்லாமல் தரும் தனியார் நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்குங்கள், அல்லது நஞ்சையை விற்றுவிடுங்கள். இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். இந்தியாவில் பட்டியலிட்ட தரமான கல்வி நிறுவனங்களுக்கு 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடும் ஜாமீனும் இல்லாமலே கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு, 10 லட்சம் வரையிலான கடனில், படிப்புக் காலத்து வட்டி விகிதத்தில் 3 விழுக்காட்டுப் புள்ளி மானியமும் உண்டு.

விண்ணப்பத்தோடு காட்ட ஒரு நல்ல வேலை கையில் இருக்கட்டும். பங்குச் சந்தைத் திட்டங்களை எல்லோரும் செய்கிறார்கள், பெரும்பாலும் தவறாகவே செய்கிறார்கள். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை எடுத்துப் பத்தாண்டுகள் பின்னோக்கிச் சோதித்தால், இடையில் சரிந்து வெளியேறிய நிறுவனங்கள் கணக்கிலேயே வராது. விடை பொய்யாக இனிக்கும். போனஸ் பங்குக்கு ஏற்பத் திருத்தாத விலையை எடுத்தால் 2024 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸ் பங்கு ஒரே நாளில் பாதியாகிவிட்டது போலத் தெரியும். அது வைத்திருக்கும் ஒரு பங்குக்கு இன்னொரு பங்கை இலவசமாக, போனஸாகக் கொடுத்த நேரம், அவ்வளவுதான்.

அதைவிட உங்கள் ஊர்க் கேள்வி ஒன்றை எடுங்கள். 1901 முதல் நாள்வாரி மழையளவைக் கால் டிகிரிக் கட்டங்களாக இந்திய வானிலைத் துறை இலவசமாகத் தருகிறது. பாபநாசம் விழும் கட்டத்தின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைப் பைத்தான் நிரல் மொழியில் எடுங்கள். அது ஒரு வரம்பைத் தாண்டினால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இவ்வளவு என்று இழப்பீடு தரும் ஒப்பந்தத்துக்கு நியாயமான பிரீமியம் எவ்வளவு? முதலில் பழைய ஆண்டுகளின் சராசரி இழப்பீட்டைக் கணக்கிடுங்கள். பிறகு அந்த மழைக்குக் காமாப் பரவல் என்ற நிகழ்தகவுப் பரவலைப் பொருத்தி, மான்டி கார்லோ முறையில் (கணினியின் தற்செயல் எண்களைக் கொண்டு) 10,000 பருவங்களை உருவாக்கிப் பாருங்கள். பிழை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில்தான் குறையும். விடையில் இன்னும் ஓர் இலக்கம் துல்லியம் வேண்டுமென்றால் 10 லட்சம் பருவங்கள் வேண்டும். பிறகு கடினமான கேள்விகளுக்கு வாருங்கள். எல்லா ஆண்டுகளையும் எடுப்பதா, கடைசி 30 ஆண்டுகளை மட்டுமா? ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் அகலம். உங்கள் வயலில் சம்பா மூழ்கியிருக்க, கட்டத்தின் சராசரி வரம்பைத் தாண்டாமல் போகலாம். அந்த இடைவெளிக்குப் பேசிஸ் ரிஸ்க் என்று பெயர், பயிர்க் காப்பீட்டுத் தொகை வந்த விதம் பற்றி உங்கள் அப்பா சொல்லும் குறைகளில் பாதி அதுதான். எட்டுப் பக்க அறிக்கையும் நிரலும் கிட்ஹப்பில் (நிரல்களைப் பொதுவில் வைக்கும் தளம்) இருந்தால், நேர்முகத்தில் அரை மணி நேரம் உங்களுக்குத் தெரிந்ததைப் பற்றியே பேசலாம். ஆள் எடுக்கும்போது எங்களைப் போல நேர்முகம் நடத்துபவர்கள் தேடுவது இப்படிப்பட்டவரைத்தான்: தன் மாடல் எங்கே தவறும் என்று தானே சொல்லத் தெரிந்தவரை.

தமிழ்வழி பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் பயம் தெரிகிறது. தேர்வுகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் அவற்றில் வரும் ஆங்கிலம் மிகக் குறுகியது, இருநூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கணக்கின் தீர்வை முழு ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள், வாரம் ஒருமுறை ஒரு தோழிக்கு அதை வாய்விட்டு விளக்குங்கள். மாடல் வேலிடேஷனில் பாதி வேலை அறிக்கை எழுதுவதுதான், ஆகவே இந்தப் பழக்கம் நுழைவுத் தேர்வோடு நின்றுவிடாது.

முதல் முயற்சியில் இடம் கிடைக்காமல் போகலாம், பலருக்கு இரண்டாம் முறைதான் கிடைக்கிறது. அந்த ஓராண்டை வீட்டில் சும்மா இருக்காமல் ஆக்சுவரி (காப்பீட்டுக் கணிப்பாளர்) படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதி, அதன் சி.எஸ்.1, சி.எம்.2 தாள்களைத் தொடங்கலாம். புள்ளியியலும் நிதிக் கணிதமும் அவற்றிலும் உண்டு, படித்தது எதுவும் வீணாகாது.

செப்டம்பருக்குள் செய்ய வேண்டிய தாலுகா அலுவலக வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், கையில் இருக்கும் தமிழ்நாடு சாதிச் சான்றிதழ் இந்தச் சேர்க்கைகளுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுத் தேதியிட்ட ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் (வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று காட்டும்) சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பைப் பார்க்கும்போது விவசாய வருமானத்தையும் சம்பளத்தையும் சேர்ப்பதில்லை என்பதை எழுத்தரிடம் நினைவூட்டுங்கள். தெரியாமல் சேர்த்துக் கணக்கிட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவது உண்டு.